அங்கியில் தொடங்கிய வழக்கு: பாஸ்டன், மதுரை, டர்பன்

1855-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனியில், டர்பனில் ஒரு பேராயருக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். எரித்தவர்கள் அவருடைய சொந்தச் சபையைச் சேர்ந்த ஆங்கிலேயக் குடியேறிகள். சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இந்தக் கரைக்கு வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. பேராயர் ஜான் வில்லியம் கொலென்சோ செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பிரசங்க பீடத்தில் வெள்ளை அங்கி போடச் சொன்னார், ஆராதனையில் வாராவாரம் காணிக்கை எடுக்கச் சொன்னார்.

தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. வெள்ளை அங்கி போடாத ஐயரைத்தான் (போதகரைத்தான்) நாம் வியப்பாகப் பார்ப்போம். ஆனால் அன்றைய ஆங்கிலேயச் சபையில், அதாவது ஆங்கிலிக்கன் சபையில், ஆளுக்கு இரண்டு அங்கி. சபையின் ஆராதனை முறை நூலான ஜெபப் புத்தகத்தை வாசிக்கும்போது குருவானவர் வெள்ளை அங்கியில் நிற்பார். பிரசங்கத்துக்கு முன் உள்ளறைக்குப் போய் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பு அங்கியில் பீடம் ஏறுவார். கறுப்பு, படித்த போதகனின் உடை. வெள்ளை, பலிபீடத்தில் நிற்கும் குருவின் உடை. வெள்ளையிலேயே பீடம் ஏறினால் அதை கத்தோலிக்க ரோமை நோக்கி வைத்த ஓர் அடி என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். டர்பன் சம்பவத்துக்குப் பத்து வருடம் முன்பு, 1845-இல், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத் தெருக்களில் இதே அங்கிக்காகக் கலகம் நடந்திருக்கிறது.

நேட்டால் தமிழர்களில் தங்கள் குடும்ப வேரைத் தேடுகிறவர்கள் இந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, அதில் எந்தக் கட்டம் இருக்கும், எந்தக் கட்டம் இருக்காது என்பதையெல்லாம் தீர்மானித்தது இதுதான். தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

எலிசபெத் அரசி 1559-இல் ஜெபப் புத்தகத்தைச் சட்டமாக்கினார். 1566-இல் பேராயர் பார்க்கர் எல்லாக் குருமாரும் வெள்ளை அங்கி அணிய வேண்டும் என்று விதித்தார். லண்டனில் மட்டும் 37 பேர் மறுத்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். திருச்சபையை இன்னும் சுத்திகரிக்க வேண்டும் என்று நின்ற இவர்களைத்தான் எதிராளிகள் பியூரிட்டன் என்று பழித்தார்கள், பழிப்பெயரே நிலைத்துவிட்டது. 1603-இல் முதலாம் ஜேம்ஸ் அரியணைக்கு வந்தபோது ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் கேட்டவற்றை அப்படியே பாருங்கள்: ஞானஸ்நானத்தில் நெற்றியில் சிலுவை வரையக் கூடாது, குழந்தையிடம் கேள்வி கேட்டு ஞானப்பெற்றோர் பதில் சொல்லும் வழக்கம் வேண்டாம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) வேண்டாம், வெள்ளை அங்கியைக் கட்டாயப்படுத்தக் கூடாது, திருமணத்தில் மோதிரம் வேண்டாம், இயேசுவின் பெயர் வரும்போது தலைவணங்கச் சொல்லக் கூடாது.

துணியையும் மோதிரத்தையும் பற்றிய சில்லறைச் சண்டையாக இதைப் பார்த்தால் அடியோடு தவறிவிடுவோம். கேள்வி வேறு. வேதத்தில் சொல்லப்படாத ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்று விசுவாசிக்குக் கட்டளையிட அரசனுக்கோ பேராயருக்கோ அதிகாரம் உண்டா? ஆங்கிலிக்கன் பக்கம், வேதம் விலக்காததைத் திருச்சபை ஒழுங்குக்காக விதிக்கலாம் என்றது. பியூரிட்டன் பக்கம், வேதம் விதிக்காததை மனிதன் ஆராதனைக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. பேராயர் இல்லையென்றால் அரசனும் இல்லை என்று 1604-இல் ஜேம்ஸ் சொன்னதில் அரசியல் அத்தனையும் அடங்கியிருக்கிறது. பேராயரை நியமிப்பது அரசன். பேராயரை மறுப்பவன் நாளை தன்னையும் மறுப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மகனின் தலை 1649-இல் உருண்டது.

இந்தச் சண்டை கடல் தாண்டியபோது, எந்தக் காலனியில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் மற்றவரை விரட்டினார்கள். மாசச்சூசெட்ஸில் பியூரிட்டன்கள் ஆண்டார்கள். 1629-இல் சேலத்தில் ஜான், சாமுவேல் பிரௌன் என்ற இரண்டு சகோதரர்கள் ஜெபப் புத்தகத்தை வைத்துத் தனியே ஆராதனை நடத்த, அவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1631-இலிருந்து சபையில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட ஆணுக்கு மட்டுமே வாக்கு. சபையில் சேர, தன் மனமாற்றத்தைச் சபையார் முன் நம்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் விரைவில் வந்தது. ஆக, ஒரு மனிதனின் வாக்குரிமை அவன் சாட்சி சொல்லும் திறமையில் தொங்கியது. 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். திருமணத்தை நீதிபதி நடத்தினார், போதகர் அல்ல.

வர்ஜீனியாவில் நிலைமை தலைகீழ். அங்கே ஆங்கிலிக்கன் சபைதான் சட்டம். நான்சிமண்ட் பகுதியிலிருந்த பியூரிட்டன்கள் 1642-இல் நியூ இங்கிலாந்திலிருந்து போதகர்களை வரவழைத்தார்கள். அடுத்த வருடமே, இங்கிலாந்துத் திருச்சபையின் முறைக்கு இணங்காத போதகர் எவரும் காலனியை விட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. 1649 வாக்கில் அந்தச் சபையாரில் பலர் மேரிலாந்துக்குப் போய், இன்றைய அனாபொலிஸ் இருக்கும் இடத்தருகே குடியேறினார்கள். இடம் கொடுத்தது கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபு. அதே பியூரிட்டன்கள் 1655-இல் செவர்ன் ஆற்றங்கரையில் அவருடைய படையையே தோற்கடித்தார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர் அதிகாரம் கிடைத்ததும் என்ன செய்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1684-இல் மாசச்சூசெட்ஸின் பட்டயத்தை லண்டன் ரத்து செய்தது. 1686-இல் ஆளுநர் ஆண்ட்ரோஸ் பாஸ்டனில் இறங்கினார். ஆங்கிலிக்கர்களுக்கு அங்கே ஆலயம் இல்லை. 1687 பெரிய வெள்ளிக்கிழமையன்று பியூரிட்டன்களின் தெற்குச் சபை மண்டபத்தைத் திறக்கச் சொல்லி அதிலேயே ஜெபப் புத்தக ஆராதனை நடத்த வைத்தார். பாஸ்டன் மக்கள் இதை மறக்கவேயில்லை. 1701-இல் ஆங்கிலிக்கன் மிஷனரி அமைப்பான எஸ்.பி.ஜி. சங்கம் அரச பட்டயத்தோடு தொடங்கி, காலனிகளுக்கு ஆங்கிலிக்கன் குருமாரை அனுப்பியபோது, எங்களை மதம் மாற்ற வருகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1763-இல்கூட பாஸ்டன் போதகர் ஜோனதன் மேஹ்யூ எஸ்.பி.ஜி.யைக் கிழித்து எழுதினார். அமெரிக்காவுக்குப் பேராயரே வரவிடக் கூடாது என்ற எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது. விளைவு, குருப்பட்டம் வேண்டுமானால் அட்லாண்டிக் கடலைத் தாண்டி லண்டன் போக வேண்டும். திடப்படுத்தல் யாருக்குமே கிடையாது. சாமுவேல் சீபரி 1784-இல் ஸ்காட்லாந்துப் பேராயர்களிடம் அபிஷேகம் பெற்ற பிறகுதான் அமெரிக்க ஆங்கிலிக்கர்களுக்கு முதல் பேராயர் கிடைத்தார்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. பாஸ்டனில் மோதிய அந்த இரண்டு குடும்பங்களும் தமிழ் நாட்டுக்கு வந்தன, பிறகு நேட்டாலுக்கும் வந்தன. எஸ்.பி.ஜி. 1820-களில் தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி மிஷன்களை ஏற்றுக்கொண்டது. பியூரிட்டன்களின் பேரப்பிள்ளைகளான நியூ இங்கிலாந்துச் சபையார் 1810-இல் அமெரிக்கன் போர்டைத் தொடங்கி, 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் வேர்விட்டார்கள். நம்மவர்கள் அமெரிக்கன் மிஷன் என்று சொல்வது இதைத்தான். மதுரைக்கு அடுத்த வருடமே அதே போர்டின் ஆட்கள் தென்னாப்பிரிக்காவில் இறங்கினார்கள். அமான்சிம்டோட்டி பக்கத்து ஆடம்ஸ் மிஷன், உம்வோட்டி ஆற்றருகே குரூட்வில், 1869-இல் தொடங்கிய இனாண்டா பெண்கள் பள்ளி எல்லாம் அவர்களுடையவை.

பழைய வழக்கு தமிழ் மண்ணிலும் தலைகாட்டியது. பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக இருந்த ரேனியஸ் ஐயர் லுத்தரன். தன் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பேராயரிடம் குருப்பட்டம் வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆங்கிலிக்கன் முறைகளை வெளிப்படையாகவே விமர்சித்தார். 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. திருநெல்வேலியில் சபைகள் இரண்டுபட்டன. அதே ஜில்லாவில் 1857-இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனரிகளின் கட்டுப்பாடே வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். ஐயருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கப்பலேறுவதற்கு முன்பே தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமானதுதான்.

நேட்டாலுக்கு வருவோம். இன்று நம் மக்கள் நிறைந்திருக்கும் வெருலம், 1850-இல் மெதடிஸ்ட் குடியேறிகள் அமைத்த ஊர். மெதடிஸ்ட் பியூரிட்டன் இல்லை. ஆங்கிலிக்கன் வயிற்றில் பிறந்து வெளியே வந்த இயக்கம். ஆனால் ஜான் வெஸ்லியின் இரண்டு பாட்டன்மாரும் 1662-இல் ஜெபப் புத்தகத்துக்கு இணங்க மறுத்து வெளியேற்றப்பட்ட சுமார் இரண்டாயிரம் போதகர்களில் இருந்தவர்கள். அந்த ரத்தம் விட்டுப்போகவில்லை. இப்படி மெதடிஸ்டுகளும், பாஸ்டன் சபையாரும், வெள்ளை அங்கியைச் சந்தேகிக்கும் ஆங்கிலிக்கர்களும் நிறைந்த காலனிக்குத்தான் கொலென்சோ பேராயராக வந்தார். 1853 நவம்பர் 30 அன்று அபிஷேகம். கேம்பிரிட்ஜில் படித்த கணக்கு வாத்தியார். அவருடைய எண்கணித நூல்கள் ஆங்கிலப் பள்ளிகளில் பரவலாக ஓடியவை.

முதல் மோதல் அங்கி. அடுத்தது அமெரிக்கன் மிஷனோடு. பல மனைவியரை உடைய ஜூலு மனிதன் விசுவாசத்துக்கு வந்தால், மனைவிகளைத் தள்ளிவைக்கும்படி கட்டாயப்படுத்தாமலே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றார் கொலென்சோ. தள்ளிவைக்கப்பட்ட பெண்ணும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பது அவர் கேள்வி. அமெரிக்கன் மிஷனின் லூயிஸ் குரூட் 1855-இல் மறுப்பு நூலே வெளியிட்டார். (குரூட்வில் என்ற பெயர் ஆல்டின் குரூட்டுடையது. இருவரையும் ஒருவராக்கி எழுதும் தவறு அடிக்கடி நடக்கிறது.) சபைக்குள் சுத்தமானவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்ற பழைய மாசச்சூசெட்ஸ் மனமும், வருகிறவரை ஏற்றுக்கொண்டு உள்ளே வைத்துத் திருத்தலாம் என்ற ஆங்கிலிக்கன் மனமும் இங்கே நேருக்கு நேர் நின்றன. இதில் என் மனம் கொலென்சோ பக்கம்தான்.

பிறகு வந்தது பெரும்புயல். ஜூலுவில் வேதாகமத்தை மொழிபெயர்க்கையில், உடனிருந்து உதவிய வில்லியம் நிகிடி, பிரளயக் கதை உண்மையிலேயே நடந்ததா என்று கேட்டார். கொலென்சோவால் ஆமென்று சொல்ல முடியவில்லை. கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். எகிப்திலிருந்து புறப்பட்ட ஆறு லட்சம் ஆண்கள் ஆசரிப்புக் கூடார வாசலில் கூட எத்தனை இடம் வேண்டும், அத்தனை ஆட்டுக்குட்டிகளுக்கு எவ்வளவு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று. வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களைப் பற்றிய அந்த ஆய்வின் முதல் பாகம் 1862-இல் வெளிவந்தது. 1863-இன் கடைசியில் கேப் டவுனில் தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே விசாரணை வைத்தார். ஒன்பது குற்றச்சாட்டு. கொலென்சோ வரவில்லை, இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபத்தை மட்டும் மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக் மூலம் அனுப்பினார். டிசம்பர் 16 அன்று பதவிநீக்கத் தீர்ப்பு.

அதிகாரம் இல்லை என்ற அந்த ஆட்சேபம்தான் வென்றது. 1865 மார்ச் 20 அன்று லண்டனில், காலனி வழக்குகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம் இது: தனக்கென்று சட்டசபை உள்ள ஒரு காலனியில், அந்தச் சட்டசபையின் ஒப்புதல் இல்லாமல், வெறும் அரச பட்டயத்தால் ஒரு பேராயருக்கு மற்றவரைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசி கொடுக்க முடியாது. எனவே கிரேயின் தீர்ப்பு சட்டத்தில் செல்லாது. இரண்டு வருடம் முன்பு, மோப்ரே ஊர்க் குருவானவர் வில்லியம் லாங் தொடுத்த வழக்கிலேயே, காலனியில் இங்கிலாந்துத் திருச்சபை என்பது மற்றச் சபைகளைப் போல விரும்பிச் சேர்ந்தவர்களின் சங்கம்தான், அதற்குமேல் இல்லை என்று அதே மன்றம் சொல்லியிருந்தது. 1866-இல் கொலென்சோவின் சம்பளத்தை நிதிக்குழு கொடுத்தே தீர வேண்டும் என்றும் லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தக் கட்டத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். பெரும்பாலானவர்கள் தவறிவிடும் இடம் இது. கிரே ஆசாரப் பற்றுள்ள ஆங்கிலிக்கர், பேராயர் அதிகாரத்தில் அசையாதவர். ஆனால் அரச மன்றத்தின் தீர்ப்பை ஏற்க மறுத்ததால், அரசனுக்கு ஆவிக்குரிய காரியத்தில் சொல்லில்லை என்று பியூரிட்டன் வாதத்தையே அவர் எடுக்க வேண்டியதாயிற்று. கொலென்சோ பரந்த சிந்தனைக்காரர். அவரோ அரசியின் மேலாண்மையைக் கேடயமாகப் பிடித்தார். அவருடைய நூலை வெறுத்த, 1855-இல் அவர் அங்கியை எதிர்த்த அதே ரகக் குடியேறிகளில் பலர் இப்போது அவர் பின்னால் வந்தார்கள். கிரேயின் சினட் (சபைப் பேரவை) தங்கள் சபைச் சொத்தையும் ஜெபப் புத்தகத்தையும் பறித்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பிசகான பேராயர் செத்தால் போய்விடுவார், பிசகான சட்டம் போகாது என்பதே அவர்கள் கணக்கு.

1865 நவம்பரில் கொலென்சோ திரும்பியபோது பீட்டர்மாரிட்ஸ்பர்க் தூய பேதுரு பேராலயத்துக்குள் அவரை விடாமல் தடுக்க அதன் டீன் (தலைமைக் குரு) ஜேம்ஸ் கிரீன் முயன்றார். நேட்டால் உயர் நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. 1866 ஜனவரியில் அதே ஆலயத்தில் அவரைச் சபைநீக்கம் செய்யும் அறிக்கையைக் கிரீன் வாசித்தார். கடைசியில் கிரீன் கட்சி அதே ஊரில் தூய இரட்சகர் பேராலயம் என்று தனியே கட்டிக்கொண்டு 1868-இல் அங்கே போனது. 1869 ஜனவரி 25 அன்று வில்லியம் மக்ரோரி கேப் டவுனில் அபிஷேகம் பெற்றார். நேட்டால் பேராயர் என்ற பெயர் பட்டயப்படி கொலென்சோவுடையது என்பதால் இவருக்கு மாரிட்ஸ்பர்க் பேராயர் என்று பெயர். ஒரு சின்ன ஊரில் இரண்டு பேராலயம், இரண்டு பேராயர். 1867-இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 76 பேர் முதன்முதலாக லண்டனில் லம்பெத் மாளிகையில் கூடியதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 1870-இல் கிரேயின் சபை தனக்கென்று அரசியலமைப்பு எழுதி, பிரிவி கவுன்சில் போன்ற மன்றங்களின் தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று மூன்றாவது ஷரத்தில் போட்டது. அந்த ஷரத்தே அவர்களுக்கு வினையானது. 1882-இல் பிரிவி கவுன்சில், அப்படியானால் நீங்கள் இங்கிலாந்துத் திருச்சபையே அல்ல, அதன் பெயரில் விடப்பட்ட சொத்து உங்களுக்குச் சேராது என்றது.

கொலென்சோவின் ஆதரவாளர்கள் அவரைக் கைவிட்டது வேதத்துக்காக அல்ல. 1873-இல் லாங்கலிபலேலே தலைவரையும் அவருடைய ஹ்லுபி மக்களையும் நேட்டால் அரசு நசுக்கியபோது, விசாரணை அநீதி என்று எழுதி, 1874-இல் லண்டன் வரை போனார். ஐந்தாகமங்களைச் சந்தேகித்ததை மன்னித்த வெள்ளைக்காரர்கள் இதை மன்னிக்கவில்லை. ஜூலு மக்கள் அவரைச் சொபாண்டு, மக்களின் தந்தை, என்றார்கள். 1883 ஜூன் 20 அன்று இறந்தார். தூய பேதுருவின் பலிபீடத்தின் முன் கிடக்கிறார்.

இதற்கெல்லாம் நடுவே நம் மக்கள் கரும்புக்காட்டில். 1860-க்கும் 1911-க்கும் இடையே ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையிலும் கத்தோலிக்கர் நிறைய. ஆங்கிலிக்கர்கள் பேராலயச் சாவிக்காக வழக்காடிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் சீர்திருத்தச் சபைகளின் பக்கமிருந்து தமிழ் பேசும் ஆட்களைத் தேடிப்போனவர் மெதடிஸ்டான ரால்ஃப் ஸ்டாட். மட்டக்களப்பில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர், 1862-இல் நேட்டால் வந்தார். ஆங்கிலிக்கன் பக்கம் உருப்படியான இந்திய மிஷன், உம்சிண்டோவில் அரசு மருத்துவராக இருந்த லான்சிலட் பார்க்கர் பூத் குருப்பட்டம் பெற்று 1880-களில் டர்பனில் தூய ஐடன் மிஷனை நடத்தத் தொடங்கிய பிறகே. காந்தி காலை வேளையில் போய் மருந்து கலந்து கொடுத்த தர்ம ஆஸ்பத்திரியும் இந்த பூத் துணையோடு வந்ததுதான். தொடக்க வருடங்களை வழக்கில் தொலைத்தார்கள் என்பது என் கணிப்பு, வருத்தமும்கூட. மதுரை அமெரிக்கன் மிஷனில் ஞானஸ்நானம் பெற்று வந்தவருக்கு நிலைமை இன்னும் வினோதம். அவருடைய தாய்ச்சபை இனாண்டாவிலும் ஆடம்ஸிலும் கண்ணெதிரே இருந்தது. ஆனால் அங்கே ஊழியம் ஜூலுவில், ஜூலு மக்களுக்கு.

பியூரிட்டன் மரத்தின் இன்னொரு கிளை 1903-இல் வந்தது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஜான் ரங்கையா என்ற தெலுங்கு பாப்டிஸ்ட் போதகர் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் சபை நிறுவினார். தோட்ட முதலாளி ஜேம்ஸ் லீஜ் ஹியூலெட் மெதடிஸ்ட். பேராயர் இல்லை, ஜெபப் புத்தகம் இல்லை, குழந்தை ஞானஸ்நானம் இல்லை. இந்தியனைப் போதகராகக் கொண்டு இந்தியரே நடத்திய சபை.

இனி பதிவேடுகள். முதலில் கப்பல் பட்டியலைப் பிடியுங்கள். காலனி எண் (ஒவ்வொரு தொழிலாளருக்கும் கொடுத்த எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் ஆகியவை அதில் இருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக் காந்தி-லுதுலி ஆவண மையத்தின் வழியாகவும் தேடலாம். சாதிக் கட்டத்தில் சில இடத்தில் கிறிஸ்தவர் என்றே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதாமல் சாதிப் பெயரே இருந்தாலும் கிறிஸ்தவர் அல்ல என்று தள்ளிவிடாதீர்கள். ராயப்பன், சின்னப்பன், சவரிமுத்து, அந்தோணி என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர். சாலமோன், சாமுவேல், எஸ்தர் போன்ற பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் சீர்திருத்தச் சபையைக் காட்டும். பியூரிட்டன்களுக்கும் இந்தப் பெயர்கள்தாம் பிரியம். மிக அதிகம் ஏமாற்றுவது பெண் பெயர். மரியம்மாளையும் மாரியம்மாளையும் ஆங்கில எழுத்தர் ஒரே மாதிரித்தான் எழுதினார். அந்தப் பெயரை மட்டும் வைத்துப் பாட்டியைக் கத்தோலிக்கராக்கிவிட வேண்டாம். தகப்பன் பெயரையும் உடன்பிறந்தார் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜில்லா அடுத்த துப்பு. மிஷன்கள் தமிழ் நாட்டைப் பெருமளவு பங்கு பிரித்து வேலை செய்தன. மதுரை அமெரிக்கன் மிஷன். வட ஆற்காடு, ஸ்கடர் குடும்பம் தொடங்கிய ஆற்காடு மிஷன்; அது டச்சு சீர்திருத்த வழி, அங்கும் பேராயர் கிடையாது. சேலம், கோயம்புத்தூர் என்றால் லண்டன் மிஷன், அதாவது இங்கிலாந்துச் சுயாதீனச் சபையார். தஞ்சாவூர், திருச்சி பக்கம் எஸ்.பி.ஜி.யும் லுத்தரன்களும். நெல்லூர் பாப்டிஸ்ட். சென்னை நகரம் மட்டும் எதையும் சொல்லாது, எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் அமைப்பைப் பாருங்கள். ஆங்கிலிக்கன் ஞானஸ்நான ஏடு, இங்கிலாந்தின் 1812 சட்டத்துப் படிவத்தைப் பின்பற்றியதாக இருந்தால், பக்கத்துக்கு எட்டுப் பதிவு. தேதி, குழந்தை பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தொழில், நடத்தியவர். 1662 ஜெபப் புத்தகப்படி ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத்தகப்பனும் ஒரு ஞானத்தாயும் நிற்க வேண்டும், பெண் குழந்தைக்கு மாறி. ஆனால் அந்தப் படிவத்தில் அவர்களுக்குக் கட்டம் இல்லை. ஞானப்பெற்றோர் பெயர் வேண்டுமென்றால் கத்தோலிக்க ஏட்டில்தான் முறையாகக் கிடைக்கும், லத்தீனில். மெதடிஸ்ட் சபையில் குழந்தை ஞானஸ்நானம் உண்டு. அதோடு மூன்று மாதத்துக்கொரு முறை உறுப்பினருக்குக் கொடுக்கும் வகுப்புச் சீட்டையும் வீட்டுப் பெட்டியில் தேடுங்கள், அது இருந்தால் அந்தக் காலாண்டில் அவர் எங்கே இருந்தார் என்பது உறுதி. பாப்டிஸ்ட் ஏட்டில் தேதியைப் பார்த்துப் பிறந்த வருடம் கணக்கிட்டால் இருபது வருடம் பிசகும். அது வளர்ந்தவர் முழுக்கு எடுத்த நாள்.

திடப்படுத்தல் பட்டியல், 1603-இல் பியூரிட்டன்கள் எடுத்துவிடச் சொன்ன அதே சடங்கின் பட்டியல், ஆங்கிலிக்கன் குடும்பங்களுக்குப் பெரிய கொடை. பெரும்பாலும் பதின்வயதில் நடப்பது, வயதும் குறித்திருப்பார்கள். பேராயர்கள் குடும்பப் பெயரில் கையெழுத்திட மாட்டார்கள், தங்கள் பேராய எல்லையின் பெயரில்தான். ஜே. டபிள்யூ. நேட்டால் என்றிருந்தால் கொலென்சோ. டபிள்யூ. கே. மாரிட்ஸ்பர்க் என்றிருந்தால் மக்ரோரி. நேட்டால், மாரிட்ஸ்பர்க் என்பவற்றைக் குடும்பப் பெயர் என்று எண்ணித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காது.

திருமணத்துக்கு இரண்டு இடத்திலும் தேட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகப் பதிவு, காலனி எண்ணோடு. ஆலய ஏட்டில் எண் இல்லாமல் போகலாம். ஞானஸ்நானத்தில் பெயரும் மாறியிருக்கலாம். முனுசாமி டேவிட் ஆகியிருந்தால் இரண்டையும் முடிச்சுப் போடுவது மனைவி பெயரும் தோட்ட முதலாளி பெயரும்தான். 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சேர்ல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களுக்குச் சட்ட மதிப்பில்லை என்று தீர்ப்பளித்தார். 1914 இந்தியர் நிவாரணச் சட்டம் வரும்வரை ஆலயச் சான்று வைத்திருந்த தம்பதியின் நிலை மற்றவருடையதிலிருந்து வேறாக இருந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களின் பதிவுகளைக் கவனமாகப் படியுங்கள்.

ஏடு எங்கே போயிற்று என்பது பழைய பிளவைப் பொறுத்தது. மெதடிஸ்ட் ஆவணங்களுக்கு மக்காண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் கோரி நூலகம். கிரேயின் வழி வந்த மாகாணச் சபையின் மைய ஆவணங்கள் ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழக வரலாற்று ஆவணப் பிரிவுக்குச் சேர்ந்தன. 1893-இல் பேராயர் பெய்ன்ஸ் வந்து இரு கட்சியையும் சேர்க்கத் தொடங்கினார். 1910-இல் நேட்டால் சொத்துச் சட்டம் ஆலய நிலங்களின் வழக்கைத் தீர்த்து வைத்தது. சேராமல் நின்றவர்கள் 1938-இல் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்துத் திருச்சபை என்ற பெயரில் தனியே அமைந்தார்கள். 2013 முதல் அவர்கள் பெயர் ரீச் (REACH-SA). மாகாணச் சபை 2006-இலிருந்து தெற்கு ஆப்பிரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை. பழைய சான்றிதழில் இங்கிலாந்துத் திருச்சபை என்று இருந்தால் அது இந்த இரண்டில் எந்தப் பக்கத்து ஆலயமாகவும் இருக்கலாம். கடிதம் எழுதும்போது ஆலயத்தின் பெயர், ஊர், வருடம் மூன்றையும் போட்டு இரண்டு அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.